பொருள், பார்வை, எதிர்த்தரப்பு: விக்கிப்பீடியாவில் பிணக்கை முறையிடுதல்

தமிழ்நாடு அரசின் சின்னத்தில் இருக்கும் கோபுரம் எந்த ஊர்க் கோபுரம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே சொல்வார்கள். பால்கோவா கட்டிக் கொடுப்பவர் சொல்வார், ஆட்டோக்காரர் சொல்வார், தேர் நாளில் தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் தகப்பன் விரலை நீட்டியே சொல்வார். பதினொரு நிலை, 192 அடி, ரேஷன் அட்டையிலும் பள்ளிச் சான்றிதழிலும் இருக்கிறதே, அது நம்ம கோபுரம்தான். போட்டித் தேர்வுக் கையேடுகளும் சுற்றுலாப் புத்தகங்களும் இதையே எழுதுகின்றன.

மதுரையில் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். சின்னத்தை 1949-இல் வரைந்தவர் ஆர். கிருஷ்ணராவ் என்ற ஓவியர். அவர் மதுரைக்காரர். மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தை மாதிரியாக வைத்தே வரைந்தேன் என்று அவரே சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தரப்பு இதற்குச் சும்மா இருக்காது. அந்த 1949-இல் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக ஏப்ரல் மாதம் பொறுப்பேற்றவர் யார்? பூ. ச. குமாரசாமி ராஜா. எந்த ஊர்? ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் அங்கிருந்து கூப்பிடு தூரம். பிறகு என்ன சந்தேகம்?

சந்தேகம் நிறைய இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு வேலை. ஆனால் கோபுரம் எதுவென்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இந்த வழக்கு விக்கிப்பீடியாவுக்குப் போனால் அதை எங்கே, எப்படி, எந்தச் சொற்களில் முறையிட வேண்டும் என்பதே என் கேள்வி. சிறிய கேள்வி போலத் தெரியும். அந்தக் கலைக்களஞ்சியத்தில் கால் நூற்றாண்டாக நடந்துவரும் சண்டைகளைப் பார்த்தால், சரியான ஆதாரம் கையில் இருந்தும் தோற்றவர்களில் பலர் மனு எழுதத் தெரியாமல் தோற்றவர்கள் என்றே படுகிறது.

ஒரு தகவலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் மதுரைக்கு வாதாடப் போவது புதிதும் அல்ல. பாண்டியன் வல்லபதேவன் அவையில் பொற்கிழி கட்டித் தொங்கியதையும், விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வார் வில்லிபுத்தூரிலிருந்து போய்ச் சான்றுகள் காட்டிப் பரம்பொருளை நிறுவியதையும், கிழி அவர் முன் தானாகத் தாழ்ந்து வந்ததையும் வைணவ மரபு சொல்கிறது. தானாகத் தாழும் கிழி இருந்தால் நடுவர் தேவையில்லை. விக்கிப்பீடியாவில் அந்த வசதி கிடையாது.

அங்கே சண்டை எப்படி மூள்கிறது என்று பார்ப்போம். கற்பனையாகவே வைத்துக்கொள்ளலாம். சின்னம் பற்றிய கட்டுரையில் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எழுதுகிறார். இன்னொருவர் அதை அழித்து மதுரை என்று மாற்றுகிறார். முதலாமவர் மீட்கிறார். மற்றவர் திரும்பவும் அழிக்கிறார். அழிக்கும்போது ஒரு வரிக் குறிப்பு எழுத இடம் உண்டு, அதில் “ஆதாரம் எங்கே?” என்று ஒருவரும் “உலகமே அறியும்” என்று மற்றவரும் எழுதுகிறார்கள். இதற்குத் தொகுத்தல் போர் என்று பெயர். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று தடவைக்கு மேல் அடுத்தவர் எழுத்தை மீளவைத்தால் கணக்கே முடக்கப்படலாம். யார் பக்கம் உண்மை இருக்கிறது என்று அந்த விதி பார்ப்பதில்லை. வரப்புத் தகராறில் இரண்டு பேரையும் காவல் நிலையத்தில் உட்கார வைக்கிற மாதிரிதான்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, உடனே மேலிடத்துக்குப் போவது. நம் ஊர்ப் பழக்கம் அது. கிராம நிர்வாக அலுவலரிடம் பேசிப் பார்க்காமலே திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்பவர்கள் உண்டு. முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு நேராக எழுதுபவர்களும் உண்டு. அந்த மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதே கிராம நிர்வாக அலுவலர் மேசைக்குத்தான் வந்து சேரும். விக்கிப்பீடியா அந்தச் சுற்றலைக்கூட அனுமதிப்பதில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

முதல் படி, கட்டுரையின் உரையாடல் பக்கம். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் திண்ணை மாதிரி ஒன்று இருக்கிறது; கட்டுரையில் என்ன எழுதலாம் என்பதை அங்கே உட்கார்ந்துதான் பேச வேண்டும். தொகுத்தல் குறிப்பில் ஒரு வரி எழுதியது பேச்சில் சேராது. எதிராளியின் சொந்தப் பக்கத்தில் போய்த் திட்டிவிட்டு வந்ததும் சேராது. பேச்சு கட்டுரையின் திண்ணையில், மூன்றாம் மனிதர் பின்னால் வந்து படிக்கும்படி நடந்திருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனை நிறைவேறாததாலேயே தள்ளுபடியாகும் முறையீடுகள் ஏராளம்.

பேசியும் தீரவில்லை, சண்டை இரண்டே பேருக்குள் என்றால், மூன்றாம் கருத்து என்று ஓர் ஏற்பாடு ஆங்கில விக்கிப்பீடியாவில் உண்டு. இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று இருக்கிறது. விக்கியில் கையெழுத்துப் போட அலைக்குறிகளைத் தட்டுவார்கள். நான்கு தட்டினால் பெயரும் தேதியும் விழும். ஐந்து தட்டினால் தேதி மட்டும் விழும். மூன்றாம் கருத்துக் கேட்பவர் ஐந்து தட்ட வேண்டும். கேட்பது யார் என்று பட்டியலில் தெரியக் கூடாது. சிக்கல் இன்னது என்று ஒற்றை வரி, பக்கத்துக்கு ஓர் இணைப்பு, தேதி, அவ்வளவுதான். பெயரில்லாத மனுவை மொட்டைக் கடிதாசி என்று கிழித்துப் போட்டுப் பழகிய நமக்கு, பெயரில்லாமல் கேட்பதே முறை என்று ஒரு சபை விதி வைத்திருப்பது வேடிக்கையாக இருக்கும். காரணம் யோசித்தால் பிடிபடும். மனுதாரரின் முகம் மறைந்தால் மனுவில் கேள்வி மட்டும் மிஞ்சுகிறது.

அடுத்த படிதான் 2011-இல் திறக்கப்பட்ட பிணக்குத் தீர்வு அறிவிப்புப் பலகை. இதற்கு முன்பும் பல ஏற்பாடுகள் இருந்து மறைந்திருக்கின்றன. நட்பு முறையில் சமரசம் பேசிய குழு ஒன்று 2012-இல் நின்றுபோனது. முறைப்படியான சமரசக் குழு 2018-இல் மூடப்பட்டது. கடைசி ஆண்டுகளில் அதன் வாசலுக்கு வந்த வழக்குகள் மிகச் சில. கட்டமைப்பு பெரிதாக இருந்த இடம் காலியாகி, ஒரு படிவமும் சில தன்னார்வலர்களும் இருக்கும் பலகை இன்றும் ஓடுகிறது. ஏன் என்பதற்குப் பலர் பல காரணம் சொல்லலாம். அந்தப் படிவமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

படிவம் கேட்பது கொஞ்சம்தான். எந்தக் கட்டுரை? சம்பந்தப்பட்டவர்கள் யார் யார்? சிக்கல் என்ன? இதுவரை எங்கே பேசினீர்கள்? நாங்கள் எப்படி உதவ முடியும் என்று நினைக்கிறீர்கள்? இதைப் படித்ததும் தாலுகா அலுவலக வாசல் மரத்தடியில் மேசை போட்டிருக்கும் மனு எழுதுபவர்தான் என் நினைவுக்கு வந்தார். அழுதுகொண்டு வருகிறவரின் கதையை அவர் அரைக் காதில் வாங்கிக்கொள்வார். பேனாவை எடுத்ததும் அனுப்புநர், பெறுநர், ஐயா, அப்புறம் ‘பொருள்’ என்று போட்டு நிமிர்ந்து பார்ப்பார். “பொருள் என்னன்னு ஒரே வரியில சொல்லுங்க.” அங்கேதான் அழுகை நிற்கும். நடந்தது எல்லாம் பொருள் ஆகாது என்று அப்போதுதான் மனுதாரருக்குப் புரியும். அடுத்த வரி ‘பார்வை’. முன்பு கொடுத்த மனுவின் தேதி, வந்த பதிலின் எண். பார்வை இல்லாத மனுவுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்புக் குறைவு. பலகையின் படிவம் இதே இரண்டு வரிகளைத்தான் வேறு சொற்களில் கேட்கிறது. தமிழில் மனு எழுதத் தெரிந்தவருக்கு இது புது வித்தை இல்லை.

நம் கோபுர வழக்கில் ஒரு மனு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “பயனர் ஒருவர் தொடர்ந்து எங்கள் ஊரின் பெருமையை அழித்து வருகிறார். மூன்று வாரமாகச் சொல்லியும் கேட்கவில்லை. அவருக்கு வரலாறும் தெரியாது, மரியாதையும் தெரியாது. தமிழகமே அறிந்த உண்மை இது. அவரைத் தடை செய்து, இது ஆண்டாள் கோயில் கோபுரம்தான் என்று பக்கத்தைப் பூட்டிவைக்க வேண்டுகிறேன்.” இதில் கோபம் இருக்கிறது, கோபம் நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் படிக்கும் தன்னார்வலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எந்த வாக்கியம் பற்றிய சண்டை? எந்த ஆதாரத்துக்கு எதிராக எந்த ஆதாரம்? பேச்சு எங்கே நடந்தது? இவற்றுக்கு விடை இல்லை. எதிராளியின் குணம் பற்றி மட்டும் தாராளமாகத் தகவல் இருக்கிறது. பலகை நடத்தையை விசாரிக்காது. அதன் எல்லைக்குள் வருவது கட்டுரையின் உள்ளடக்கம் மட்டுமே. தடை செய்யும் அதிகாரமும் அங்குள்ளவர்களுக்கு அந்தப் பொறுப்பினால் வருவதில்லை. இல்லாத அதிகாரத்தைக் கேட்கும் மனு, நேராகக் குப்பைக்குப் போகாவிட்டாலும் மூடப்பட்டுவிடும்.

அதே வழக்கை இப்படியும் எழுதலாம்: “சின்னத்தில் உள்ள கோபுரத்துக்கு மாதிரி எது என்பதில் கருத்து வேறுபாடு. மதுரை மேற்குக் கோபுரம் என்பதற்கு, வரைந்த ஓவியர் கூறியதாக வந்த பத்திரிகைச் செய்தி ஆதாரம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பதற்குச் சுற்றுலா வெளியீடுகளும் பொது அறிவு நூல்களும் ஆதாரம். உரையாடல் பக்கத்தில் பேசியதன் இணைப்பு கீழே. முதல் பத்தியில் இதை எப்படி எழுதுவது என்பதில் வெளியார் கருத்து தேவை.” எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று இதைப் படித்துச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் மனு தேறிவிட்டது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உரைகல் கிடையாது. எதிராளி படித்துவிட்டு ‘ஆமாம், சிக்கல் இதுதான்’ என்று தலையாட்ட வேண்டும்.

கடினம்தான். நம் தரப்பை விட்டுக்கொடுத்து எழுதுவது போல இருக்கும். அப்படியில்லை. வாதம் செய்ய வேறு இடம் உண்டு. ஒவ்வொரு தரப்புக்கும் தன் நிலையைச் சொல்ல வாய்ப்புத் தரப்படுகிறது. அதையும் 2,000 எழுத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தமிழில் அது ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டையின் இரண்டு பக்கம். முன்னுரையிலேயே வாதாடினால் படிப்பவர் அப்போதே நடுநிலையை இழந்துவிடுவார் அல்லது எழுதியவர் மேல் நம்பிக்கை இழந்துவிடுவார். இரண்டில் எது நடந்தாலும் மனு கெட்டது.

இன்னொன்று, எதிர்த்தரப்புக்குத் தகவல் கொடுப்பது. நீதிமன்றத்தில் சம்மன் சார்வு செய்யாத வழக்கு நகராது அல்லவா? இங்கும் அதே கதை. சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரின் பேச்சுப் பக்கத்திலும் போய், இப்படி ஒரு முறையீடு கொடுத்திருக்கிறேன் என்று எழுதிவிட்டு வர வேண்டும். படிவத்தில் பெயரைக் குறிப்பிட்டாலே போதும் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் அதிகம். வேண்டாதவர் பெயரை நைசாக விட்டுவிடும் ஆட்களும் உண்டு. உரையாடலின் வரலாற்றைப் புரட்டினால் அது இரண்டு நிமிடத்தில் வெளுத்துவிடும். தகவல் கொடுத்த பிறகும் எதிராளி வராமல் இருக்கலாம். வருவது அவர் விருப்பம். கட்டாயப்படுத்த யாராலும் முடியாது. சமரசப் பேச்சுக்கு மனமில்லாதவரை இழுத்து வந்து என்ன பயன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள் போலும்.

ஒரே பிணக்கை இரண்டு மூன்று வாசலில் ஒரே சமயத்தில் கொடுக்கக் கூடாது. அடுத்த படியான கருத்துக் கோரல் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் பலகை எடுக்காது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டு, ‘எல்லோரும் போய் நம்ம கோபுரத்துக்கு ஆதரவு தெரிவியுங்கள்’ என்று அழைப்பது இன்னும் மோசம். ஆள் திரட்டுதல் அங்கே பெருங்குற்றம். ஒரே ஆள் பல கணக்கில் வந்தால் கைப்பாவைக் கணக்கு என்று அத்தனையும் சேர்த்து முடக்குவார்கள். புதிதாகத் தொடங்கிய இருபது கணக்குகள் ஒரே நாளில் ஒரே வரியை எழுதினால், அந்த வரி உண்மையாக இருந்தாலும் இனி யாரும் அதை நம்பப் போவதில்லை.

பலகையில் தீராதது கருத்துக் கோரலுக்குப் போகும். அது ஊர்க்கூட்டம் மாதிரி. யார் வேண்டுமானாலும் பேசலாம். வழக்கமாக 30 நாள் திறந்திருக்கும். கடைசியில் சம்பந்தமில்லாத ஒருவர், தலைகளை எண்ணாமல் வாதங்களின் வலுவைப் பார்த்து முடிவை எழுதுவார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 7,000-க்கு மேற்பட்ட கோரல்களை எடுத்து ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, முடிவு எழுத ஆளில்லாமல் அப்படியே கிடந்துவிட்டது. அனுபவசாலிகளைக் கேட்டபோது அவர்கள் சொன்ன காரணங்களில், முதல் கேள்வியே தெளிவாக எழுதப்படாததும் ஓயாத வாய்ச்சண்டையும் உண்டு. ஆக, மனு வரைவு என்பது மரியாதைக்கான சடங்கு இல்லை. வழக்கின் ஆயுளே அதில் இருக்கிறது.

உச்சியில் நடுவர் குழு ஒன்று இருக்கிறது. 2004-இலிருந்து செயல்படுகிறது. உச்ச நீதிமன்றம் போல என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், பொருத்தமில்லாத ஒப்பீடு. அந்தக் குழு உள்ளடக்கத்தில் தீர்ப்பே சொல்லாது. கோபுரம் மதுரையா வில்லிபுத்தூரா என்ற கேள்வியை உலகம் முழுக்கச் சுமந்து போனாலும், விக்கிப்பீடியாவில் அதற்கு விடை சொல்லும் அதிகாரம் படைத்த ஒரு நாற்காலி எங்கும் கிடையாது. நடுவர் குழு நடத்தையை மட்டும் விசாரிக்கும். அங்கே போகிறவரின் நடத்தையும் சேர்த்தே விசாரிக்கப்படும். எறிந்தவர் மேலேயே திரும்பி வந்து விழும் புகார்களைப் பூமராங் என்றே அழைக்கிறார்கள்.

இனி ஆதாரம். மனுவின் நடை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பார்வைப் பகுதியில் சரக்கு இருக்க வேண்டும். சின்னத்தைப் பெரிதாக்கி நிலைகளை எண்ணி, மதுரை மேற்குக் கோபுரம் ஒன்பது நிலை, வில்லிபுத்தூர் பதினொன்று, ஆகவே இதுதான் என்று முடிவு கட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. விக்கிப்பீடியாவில் அதற்குப் பெயர் சொந்த ஆய்வு, செல்லாது. வேறொருவர் எண்ணி, நம்பகமான இடத்தில் வெளியிட்டிருந்தால் அதை எடுத்துக்காட்டலாம். கோபுரத்தின் உயரத்துக்கே 192 அடி தவிர வேறு எண்களும் உலவுகின்றன. நாமே நாடா பிடித்து அளந்தாலும் அந்த அளவு கட்டுரைக்குள் வர முடியாது.

அப்படியானால் உண்மைக்கு மதிப்பில்லையா என்று கேட்கத் தோன்றும். சரிபார்க்கத்தக்கதா என்பதே அளவுகோல், உண்மையா என்பது அல்ல என்ற பொருளில் ஒரு வாசகத்தை அவர்களின் கொள்கைப் பக்கம் பல ஆண்டுகள் முகப்பிலேயே வைத்திருந்தது. பெரும் விவாதத்துக்குப் பிறகு 2012-இல் அதை முகப்பிலிருந்து இறக்கினார்கள், நடைமுறை மாறவில்லை. நம் வழக்கில் இது கொஞ்சம் சங்கடமானது. சண்டை நடக்கும் அதே சின்னத்தின் அடியில் வாய்மையே வெல்லும் என்று எழுதியிருக்கிறது.

ஆதாரம் ஒரே பக்கம் இருந்தால் வழக்கே எழாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது. பதிவேடு இருக்கிறது, சண்டை இல்லை. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது, அதுவும் சரி. ஆனால் அந்த இனம் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்துப் பாருங்கள், தபால்தலை துணைக்கு வராது. தென்மாவட்ட ஊர்க் கட்டுரைகளில் இத்தகைய வரிகள் பல சமயம் சாதிப் பெருமையில் போய் முடிகின்றன. தெற்காசியச் சாதிகள் பற்றிய பக்கங்களுக்கு ஆங்கில விக்கிப்பீடியா 2012-லிருந்தே தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது என்பது நமக்குப் பெருமை சேர்க்கும் செய்தி இல்லை. அப்படிப்பட்ட பக்கத்தில் முறையிடுபவர் சொற்களை இரட்டிப்பாக எடைபோட வேண்டும்.

பெயர்ச் சண்டைகள் தனிச் சாதி. ஊர்ப் பெயரிலேயே தொடங்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரா, திருவில்லிபுத்தூரா? கிரந்த எழுத்தைக் கையாளலாமா கூடாதா என்பது தமிழ் விக்கிப்பீடியாவின் மிகப் பழைய, இன்னும் ஆறாத விவாதம். ஆங்கிலத்தில் எழுதினாலும் புத்தூருக்குக் குறைந்தது இரண்டு மூன்று எழுத்துக்கூட்டு நடமாடுகிறது. ரயில்வே ஒன்று, நகராட்சி ஒன்று. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி ஆணையிட்டது. ஒரு வாரம் போலத்தான் தாங்கியது, திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் ஆணையைக் காட்டிக் கட்டுரைத் தலைப்பை மாற்றச் சொல்லி முறையிட்டவர் நிலையை நினைத்துப் பாருங்கள். அரசாணை கையில் இருக்கிறது, அடுத்த வாரம் அது காகிதம்.

வெளிநாட்டிலும் இதே கூத்துதான். தயிர் பற்றிய ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பில் ஓர் எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று எட்டு ஆண்டுக்கு மேல் சண்டை போட்டு 2011-இல் ஓய்ந்தார்கள். நம்மைத் தொட்ட முடிவு 2012-இல் வந்தது. இந்தியா தொடர்பான கட்டுரைகளின் முதல் பத்தியில் எந்த மொழியின் எழுத்து முதலில் வருவது என்று ஓயாத சண்டை. கருத்துக் கோரல் வைத்து, எந்த இந்திய எழுத்தும் வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். அதன்படி ஸ்ரீவில்லிபுத்தூர் பற்றிய ஆங்கிலக் கட்டுரையின் முகப்பில் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுத முடியாமல் போனது. அண்ணன் தம்பி வரிசைச் சண்டையில் பந்தியையே எடுத்துவிட்ட கதை. முடிவு எனக்கு உவப்பில்லை. ஆனால் முறைப்படி கேட்கப்பட்ட கேள்விக்கு முறைப்படி வந்த விடை. மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் முறைப்படி கேட்க வேண்டியதுதான்.

இதுவரை சொன்ன படிகள் எல்லாம் பெரிய சபைக்கானவை. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து போய் வளைகுடாவில் பணியாற்றிய இ. மயூரநாதன் ஆரம்பத்தில் கிட்டத்தட்டத் தனியாளாக இருந்து வளர்த்தது. 2017-இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தொட்டது. நிர்வாகிகள் என்று பார்த்தால் சில பத்துப் பேர். இங்கே மூன்றாம் கருத்துக்கு மூன்றாமவரைத் தேட வேண்டும். தேடிக் கண்டுபிடித்தாலும் அவர் இரண்டு பேரையும் பயிலரங்கில் சந்தித்து டீ குடித்தவராக இருப்பார். பொதுக் கேள்விகளைப் பேசும் இடத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான பெயர், பொருத்தமான பெயரும்கூட. ஆலமரத்தடி நியாயத்தின் பலமும் பலவீனமும் அங்கே இருக்கின்றன. எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் சண்டை சீக்கிரம் ஆறும். அதே காரணத்தால், பழைய ஆட்களின் வார்த்தைக்கு எதிராகப் புதியவர் பேசத் தயங்குவார்.

அங்கே பிணக்கின் நிறமும் வேறு. தமிழ்நாட்டார் டொரண்டோ என்று எழுதுவதை ஈழத்தவர் ரொறன்ரோ என்று எழுதுகிறார். ஆஸ்திரேலியா அவர்களுக்கு அவுஸ்திரேலியா. இரண்டுமே தமிழ், இரண்டுக்குமே நூல்கள், பாடப்புத்தகங்கள் ஆதாரம். ஒரு தரப்பைப் பிழை என்று சொல்லி முறையிட்டால் அது இலக்கணப் பிரச்சினையாக நிற்காது, கடல் தாண்டிய மனத்தாங்கலாகிவிடும். அதனால் தமிழ் ஆலமரத்தடியில் முறையிடும்போது படிவம் இல்லை என்பதற்காகப் படிவத்தின் ஒழுங்கை விட்டுவிடக் கூடாது. பொருளும் பார்வையும் எதிர்த்தரப்புக்குத் தகவலும் அங்கேதான் அதிகம் தேவை.

சிறிய விக்கியில் நிர்வாகமே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் என்ன செய்வது? குரோவேசிய மொழி விக்கிப்பீடியாவில் அது நடந்தது. வலதுசாரித் தேசியவாதச் சாய்வுள்ள ஒரு சிறு கூட்டம் பத்தாண்டுக் காலம் நிர்வாகத்தைக் கையில் வைத்து வரலாற்றைத் திருகியது, முறையிட்டவர்கள் முடக்கப்பட்டார்கள். எல்லா மொழி விக்கிகளுக்கும் பொதுவான மேல் தளத்தில் ஆண்டுக்கணக்கில் சான்றுகளை அடுக்கிய பிறகே நிலைமை மாறியது. விக்கிமீடியா நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கை 2021-இல் வந்தது. அங்கும் கடைசியில் உதவியது கோபமான கடிதங்கள் அல்ல, இன்ன தேதியில் இன்ன பக்கத்தில் இன்ன மாற்றம் என்று தொகுத்த பட்டியல்கள்.

நீதிமன்றத்துக்குப் போவதும் ஒரு வழிதான். ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய கட்டுரை அவதூறு என்று 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இரண்டு கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கைப் பற்றி எழுதப்பட்ட தனிப் பக்கத்தை நீக்கும்படி உயர் நீதிமன்றம் அக்டோபரில் உத்தரவிட, 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மானநட்டம் என்பது வேறு அளவுகோல். அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் கோபுரம் எந்த ஊருடையது என்று எந்த வக்கீலிடம் போவது? உரையாடல் பக்கத்தில் வழக்குப் போடுவேன் என்று எழுதினாலே கணக்கு முடக்கப்படும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். மிரட்டல் நிற்கும்வரை அந்த ஆளோடு பேச்சில்லை என்பது அவர்கள் விதி.

நம் கற்பனை வழக்குக்குத் திரும்புவோம். இரண்டாவது வகை மனு பலகைக்குப் போய்விட்டது. தகவல் கொடுத்தாயிற்று. ஒரு தன்னார்வலர் வருகிறார். தமிழ்நாட்டை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர். அவர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: கட்டுரையில் எந்த வாக்கியத்தை எப்படி மாற்ற வேண்டும் என்கிறீர்கள்? இரு தரப்பும் ஆளுக்கொரு வாக்கியம் எழுதிக் காட்டுகிறார்கள். பத்து நாள் இழுபறிக்குப் பின் ஒரு வரைவு பிறக்கிறது. ‘1949-இல் ஆர். கிருஷ்ணராவ் வரைந்த இச்சின்னத்தில் உள்ள கோபுரம், மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தை மாதிரியாகக் கொண்டது என்று ஓவியர் கூறியதாகச் செய்திகள் உள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் என்றும் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.’ இரண்டு பகுதிக்கும் கீழே ஆதாரம். மதுரைக்காரர் சரி என்கிறார். தன்னார்வலர் முடித்துவைக்கக் கையெடுக்கிறார்.

அப்போது வில்லிபுத்தூர்க்காரர் ஒரு வரி எழுதுகிறார்: எல்லாம் சரி, வாக்கியத்தில் மதுரை ஏன் முதலில் வருகிறது?